யானைச் சிறுவன்

தன்னினும் பன்மடங்கு பெரிய யானையை மனிதன் எவ்வாறு பணிய வைக்கிறான்? கையிலுள்ள அங்குசத்தாலா? நெஞ்சிலுள்ள அன்பாலா? இவ்வினாவிற்கு விடை கூறும் பழைய ஆங்கிலத் திரைப்படம் ஒன்று உண்டு. 1937ஆம் ஆண்டில் வெளிவந்த 'எலிஃபெண்ட் பாய்' என்பதே அது. 'யானைச் சிறுவன்' என்பது அதன் பொருள். பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், 1894இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' நூலிலுள்ள கதையொன்றே இப்படத்திற்கு மூலமாகும்.

துமாய், யானைப்பாகர் குடும்பத்தில் பிறந்த சிறுவன். அக்குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய யானையின் பெயர் காலா நாக். வேட்டைக்காரனாக வேண்டும் என்பதே துமாயின் கனவு. காட்டு யானைகளைப் பிடிக்கச் செல்லும் குழுவில் தந்தையும் மகனும் சேர்கின்றனர். நாள்கள் பல கழிந்தும் யானைக் கூட்டம் கண்ணில் படவில்லை. இந்நிலையில் தந்தையைப் புலி கொன்றுவிடுகிறது.

துயரம் தாளாத காலா நாக் வெறி கொள்கிறது. துமாய் அதனை அமைதிப்படுத்துகிறான். எனினும், சிறுவனால் அதனை அடக்கியாள இயலாது என்றெண்ணி, வேறொரு பாகனிடம் ஒப்படைக்கின்றனர். அவனோ இரக்கமற்றவன். அடி பொறுக்காத யானை அவனைத் தாக்கிக் காயப்படுத்துகிறது. அதனைச் சுட்டுக் கொல்ல வேண்டுமென அவன் வற்புறுத்துகிறான். தன் தோழனைக் காக்க எண்ணிய துமாய், இரவோடு இரவாக யானையுடன் காட்டிற்குள் செல்கிறான். அங்கே காட்டு யானைகள் கூடி நடனமாடுவதைக் காண்கிறான். பெரியோர் தேடியும் காணாததைச் சிறுவன் கண்டான்! குழுவினர் அவனை வாழ்த்திப் போற்றுகின்றனர்.

யானை நடனம் கதைக்கென அமைந்த கற்பனையே. ஆனால், துமாயாக நடித்த சாபுவின் வாழ்வு கற்பனையன்று. 1924இல் மைசூர்ப் பகுதியிலுள்ள காராபுரத்தில் பாகனின் மகனாகப் பிறந்த சாபு, இளமையிலேயே தந்தையை இழந்தவர். மைசூர் அரண்மனை யானைக் கொட்டடியில் வளர்ந்தவர். காலா நாக்காக நடித்ததும் மைசூர் மன்னரின் ஐராவதம் என்னும் யானையே. ஆதலின் திரையில் நாம் காணும் அச்சமற்ற நெருக்கம், பயிற்சியாசிரியர் கற்பித்த நடிப்பன்று. பிறந்தது முதல் பழகிய பழக்கமாகும்.

இராபர்ட் ஃபிளாகர்ட்டி மைசூர்க் காடுகளில் காட்சிகளைப் படமாக்கினார். சோல்டான் கோர்டா இங்கிலாந்திலுள்ள டென்காம் படப்பிடிப்பு நிலையத்தில் ஏனைய காட்சிகளை எடுத்தார். 1937ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்கத்திற்கான பரிசு இப்படத்திற்குக் கிடைத்தது. கொட்டடியில் வளர்ந்த சாபுவும் உலகப் புகழ் பெற்றார். 'பாக்தாத் திருடன்' (1940), 'ஜங்கிள் புக்' (1942) ஆகிய படங்களிலும் நடித்தார். 1963இல், தம் 39ஆம் வயதில் அமெரிக்காவில் காலமானார்.

அக்காலத்தில் காட்டு யானைகளைப் பிடிப்பது வீரச் செயலாகப் போற்றப்பட்டது. இன்றோ அவற்றைக் காப்பதே கடமை என உலகம் உணர்ந்துள்ளது. காலம் மாறினும் படம் புகட்டும் பாடம் மாறவில்லை. வலியவனான பாகன் கோலால் சாதிக்க இயலாததை, எளிய சிறுவன் அன்பால் சாதித்தான். நம்மிடம் வாய் பேசா உயிர் ஒன்று ஒப்படைக்கப்படும்போது, நாம் அந்தப் பாகனாக நடப்போமா, துமாயாக நடப்போமா? சிந்தித்துப் பாருங்கள்!