நள்ளிரவுத் தலைவலியும் பிராணவாயுச் சிகிச்சையும்

விடியுமுன் எழுந்து, பனியிலும் வெயிலிலும் நிரை நிரையாக நடந்து பால்மரம் சீவும் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தலைவலி புதிதன்று. இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வதே நம் வழக்கம். ஆயினும், எல்லாத் தலைவலியும் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. மாத்திரைக்கு அடங்காத ஒரு வகை உண்டு. அதனை இன்னதென்று அறிந்து கொண்டால் அதற்குத் தக்க சிகிச்சையும் உண்டு. அதுபற்றியே இப்பாடத்தில் காண்போம்.

சுங்காய் வட்டாரத் தோட்டமொன்றில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு உறங்கியவர் பதினொரு மணிக்குத் துடித்தெழுகின்றார். வலது கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியைச் செருகியது போன்ற வலி. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் சொரிகின்றது, அதே பக்கத்து மூக்கு அடைத்துக் கொள்கின்றது, இமை தாழ்கின்றது. படுக்க இயலாமல் லயத்து வாசலில் மேலும் கீழும் நடக்கின்றார். ஒரு மணி நேரத்தில் வலி முற்றாக விலகி விடுகின்றது. மறுநாளும் அதே மணிக்கு அதே வலி!

காலையில் பிரட்டில் நிற்கும்போது அவரிடம் நோயின் சுவடே இராது. ஆகவே, "வேலைக்குக் கள்ளம்" என்பார் ஒருவர்; "காற்றுக் கருப்பு" என்பார் இன்னொருவர். பல்வலியென எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்களும், பீனிசமென எண்ணி நெடுநாள் மருந்துண்டவர்களும் உலகெங்கும் உளர்.

இஃது என்ன நோய்?

இதன் பெயர் கிளஸ்டர் தலைவலி. தமிழில் கொத்துத் தலைவலி எனலாம். ரம்புத்தான் பருவத்தில் மட்டும் கொத்துக் கொத்தாய்க் காய்ப்பதுபோல, இவ்வலியும் சில வாரங்கள் அல்லது இரண்டு மூன்று மாதங்கள் அடுத்தடுத்து வந்து, பின் பல மாதங்கள் மறைந்திருக்கும். ஒவ்வொரு தாக்குதலும் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறை வருவதும் உண்டு. ஏறத்தாழ ஆயிரவரில் ஒருவருக்கு இந்நோய் வரலாம். பெண்களைவிட ஆண்களையே மிகுதியும் பற்றுகின்றது.

குறித்த நேரத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் ஹைப்போதலமஸ் என்னும் மூளைப் பகுதி, தாக்குதலின்போது கிளர்ச்சியுறுவதை 1998-ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினர். எனவே, இது பேயுமன்று, பாசாங்குமன்று, உடல் நோயே.

பிராணவாயு மருந்தாவது எப்படி?

சாதாரண வலி மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்யத் தொடங்குமுன் தாக்குதல் உச்சத்தை எட்டி விடும். ஆக்சிஜன் எனப்படும் பிராணவாயுவோ சில நிமிடங்களிலேயே பயன் தரும். 2009-ஆம் ஆண்டு வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில், நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடங்கள் தூய பிராணவாயு அளிக்கப்பட்டபோது 78 விழுக்காட்டுத் தாக்குதல்கள் தணிந்தன. வெறுங்காற்று அளிக்கப்பட்டபோது தணிந்தவை 20 விழுக்காடே.

அளவும் முறையும் இங்கு முக்கியம். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, பையுடன் கூடிய முகமூடியை இறுகப் பொருத்தி, நிமிடத்திற்கு 12 முதல் 15 லிட்டர் வீதம் சுவாசிக்க வேண்டும். மூக்கில் செருகும் சிறு குழாய் வழியே வரும் இரண்டு லிட்டர் போதாது. விரலில் மாட்டும் கருவி "பிராணவாயு நிறைவாக உள்ளது" என்று காட்டலாம். அதனால் சிகிச்சை வேண்டாமென்று பொருளாகாது. இங்கே பிராணவாயு குறையை நிரப்புவதற்கன்று, மருந்தாகவே தரப்படுகின்றது.

சுமட்ரிப்டான் ஊசியும் விரைவில் பயன் தரும். இதய நோயுள்ளோருக்கு அது ஆகாது. தாக்குதல்கள் வராமல் தடுக்க வெராப்பாமில் போன்ற மாத்திரைகள் உண்டு. அவற்றை இதயத் துடிப்புச் சோதனையுடன் மருத்துவரே அளிக்க வேண்டும்.

சிகிச்சையைப் பெறுவது எப்படி?

மருத்துவரைக் காணும் வேளையில் வலி இராது. ஆகவே, உங்கள் குறிப்பேடே உங்கள் சாட்சி. நாள், தொடங்கிய மணி, முடிந்த மணி, எந்தக் கண், கண்ணீர் வந்ததா, மூக்கடைத்ததா என்பனவற்றை இரண்டு வாரம் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர் பள்ளி செல்லும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். வலியின்போது முகத்தைக் கைப்பேசியில் படமெடுப்பதும் நன்று.

அதனைச் சுங்காய் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, "இது கிளஸ்டர் தலைவலியாக இருக்குமா? பிராணவாயு பயன் தருமா?" என்று தயங்காமல் கேளுங்கள். தேவையெனில், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புமாறு கடிதம் கேட்கலாம். இரவில் தாக்கினால் சிலிம் ரிவர் அல்லது தாப்பா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம், குறிப்பேட்டை மறவாதீர்கள்.

மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தோருக்கு ஆண்டுக்கு 14 நாளும், ஐந்தாண்டுக்குக் குறைந்தோருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டோருக்கு 22 நாளும் சம்பளத்துடன் விடுப்புண்டு. மருத்துவர் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்கும் தெரிவித்தல் வேண்டும்.

எச்சரிக்கை

பிராணவாயு தீயை மூட்டி வளர்க்கும். மருத்துவர் பணித்து வீட்டில் வைத்திருப்பின், அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு, எண்ணெய் ஆகியவற்றை அருகில் கொண்டு வரலாகாது. பட்டறையில் இரும்பு ஒட்டும் உருளையிலிருந்து சுவாசிக்கவே கூடாது. நெடுநாள் நுரையீரல் நோயுள்ளோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும். தாக்குதல் வரும் பருவத்தில் சிறிதளவு மதுவும் வலியை எழுப்பி விடும்.

இடி விழுந்தாற்போல் திடீரென வந்த கடுந்தலைவலி, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், காய்ச்சலுடன் கழுத்து இறுக்கம் ஆகியவை வேறு பேராபத்துகளின் அறிகுறிகள். காலந்தாழ்த்தாமல் 999 எண்ணை அழையுங்கள்.

சிந்திக்க

1. கொத்துத் தலைவலியின் அடையாளங்கள் யாவை?
2. குறிப்பேட்டில் எவற்றை எழுத வேண்டும்?
3. உங்கள் லயத்தில் இரவு தோறும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடப்பவர் எவரேனும் உளரா? அவருக்கு இப்பாடத்தைப் படித்துக் காட்டினீர்களா?