வெள்ளைக் கவசத்துக்கு எந்தப் பொருள்? ஸ்டார்ம்ட்ரூப்பர் உடை செய்வோருக்கான ஒப்பீட்டு வழிகாட்டி

அறிபுனைப் படங்களில் வரும் உடைகளையும் கருவிகளையும் தாமே செய்து அணியும் பொழுதுபோக்கில் மிக அதிகமாகப் பிரதி எடுக்கப்படும் உருக்களுள் ஒன்று, 1977-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்னும் வெள்ளைக் கவசப் படைவீரன். இக்கவசத்தைச் செய்ய இன்று நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன: வெற்றிட முறையில் இழுத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக், ஈவிஏ நுரைப்பலகை, முப்பரிமாண அச்சு, கண்ணாடியிழை. இவற்றின் விலையையும் தேவைப்படும் திறமையையும் மட்டும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் பாதி வேலையில் மனம் மாறுகிறார். ஏனெனில் கவசம் எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தனை மணி நேரம், யாருடைய கண்ணுக்காக அணியப்படவிருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே விலையும் திறமையும் பொருள் உள்ள அளவுகோல்கள் ஆகின்றன.

இந்தப் பழக்கம் படத்தைவிட முந்தியது. 1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிபுனை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டல் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்தனர். இருவரின் உடைகளையும் தைத்தவர் மிர்ட்டல் டக்ளஸ் என்பது பின்னாளைய குறிப்புகளில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. அவர்களுடைய உடைக்கு மூலமாக இருந்தவை ஓவியங்களும் ஒரு திரைப்படமும் மட்டுமே என்பதால் அதைச் சரிபார்க்கக் கூடிய அசல் எதுவும் பிறர் கையில் இருக்கவில்லை. ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்தின் நிலை வேறு. அதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அசல் ஒன்று உண்டு, அந்த அசல் செய்யப்பட்ட விதம்தான் இன்றைய தேர்வுகள் அனைத்தையும் ஆட்டிப்படைக்கிறது.

ரால்ஃப் மக்குவாரியின் ஓவியங்களிலிருந்து பிறந்து, ஜான் மோலோவின் உடை வடிவமைப்புக் குழுவின் கைவழியாக வந்த அக்கவசம், லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வர்த் என்பவரின் பட்டறையில் வெற்றிட வார்ப்பு முறையில் செய்யப்பட்டது. வெற்றிட வார்ப்பு என்பது பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கித் தொய்யவிட்டு, அச்சுருவின் மேல் படியவைத்து, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுப்பதன் மூலம் தகட்டை அச்சுருவோடு ஒட்டி உருப்பெறச் செய்யும் முறையாகும். இதில் ஒரு தகட்டுக்குச் சில நிமிடங்களே ஆகும், செலவும் குறைவு, ஆனால் கூரான விளிம்புகள் மழுங்கிவிடும். சண்டைக் காட்சிகளுக்கான தலைக்கவசங்கள் எச்டிபிஈ என்னும் அடர்த்தி மிகுந்த பாலித்தீனில் இழுக்கப்பட்டு வெள்ளை வண்ணம் பூசப்பட்டன. அண்மைக் காட்சிகளுக்கான சில மட்டும் வெள்ளை ஏபிஎஸ்ஸில் செய்யப்பட்டன. கையால் வனைந்த அச்சுரு என்பதால் முகத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போவதில்லை. கோடுகள் கையால் தீட்டப்பட்டதால் தலைக்கவசத்துக்குத் தலைக்கவசம் அவை மாறுகின்றன. அவசரத்தில் செய்த மலிவான பொருளின் குறைகளைப் பல வார உழைப்பில் துல்லியமாகப் படியெடுப்பதே இன்று உயர்ந்த தேர்ச்சியாக மதிக்கப்படுகிறது என்பது இத்துறையின் வேடிக்கைகளுள் ஒன்று. (ஐன்ஸ்வர்த் பின்னர் அதே வடிவங்களில் பிரதிகளை விற்றபோது எழுந்த வழக்கில், இத்தலைக்கவசம் சட்டப்படி சிற்பம் ஆகாது என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது.)

அசலுக்கு மிக அருகில் நிற்பது ஏபிஎஸ் தொகுப்பே. காரணம், அது அதே முறையில், பெரும்பாலும் அதே குடும்பத்து அச்சுருக்களின் வழிவந்த வடிவங்களில் இழுக்கப்படுகிறது. வாங்குபவருக்குக் கிடைப்பது கவசம் அன்று, ஓரம் வெட்டப்படாத வெள்ளைத் தகடுகளின் குவியல். 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அத்தகடுகளை வளைந்த அலகுள்ள கத்தரிக்கோலால் வெட்டியோ, கத்தியால் கீறி மடித்து ஒடித்தோ உருவத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். கை கால் பகுதிகள் இரண்டு அரைக் குழல்களாக வருவதால், அவற்றை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இணைப்பின் மேல் ஒட்டுப்பட்டை வைத்து மறைக்கின்றனர். இப்பட்டையின் அகலம்கூடக் கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று வரையறுக்கப்பட்டுள்ளது. இங்கே பசையின் தேர்வு பொருளின் தேர்வைப் போலவே முக்கியமானது. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான் பசை சில நொடிகளில் பிடித்துவிடும், ஆனால் பிழையைத் திருத்த இடம் தராது. ரப்பர் போன்று உலரும் ஈ6000 வகைப் பசை முழுப் பிடிப்புக்கு ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொண்டாலும், அளவு தவறினால் உரித்தெடுத்து மீண்டும் ஒட்ட அனுமதிக்கிறது. முதல் முறை செய்பவருக்கு இரண்டாவதே உகந்தது என்பதில் ஐயமில்லை.

ஏபிஎஸ்ஸின் குறைகள் அணியும்போது வெளிப்படுகின்றன. அசல் கவசம் ஒல்லியான துணை நடிகர்களின் உடலளவுக்குச் செய்யப்பட்டதால், அகன்ற உடலினர் பக்கவாட்டில் தகட்டுத் துண்டுகளைச் சேர்த்து விரிவாக்க வேண்டியிருக்கும். உயரம் குறைந்தவர் தொடைப்பகுதியின் மேல் விளிம்பைக் குறைக்க வேண்டும். (உயரக் குறைவு படத்திலேயே கேலிக்கு உள்ளாகிறது என்பது குள்ளமானவர்களுக்கு ஓர் ஆறுதல்.) தொடர்ந்து வளையும் மூலைகளில் விரிசல் விடுவதும், நேர் வெயிலில் நாளடைவில் மஞ்சளாவதும் இதன் இயல்பு. விரிசலுக்கு மருந்து அதன் கழிவிலேயே இருக்கிறது: வெட்டி எறிந்த துண்டுகளை அசிட்டோனில் ஊறவிட்டுக் குழம்பாக்கி, உட்புறத்தில் பூசினால் அது அதே பிளாஸ்டிக்காகவே இறுகிவிடும். ஆகவே தொகுப்பை வெட்டும்போது விழும் துண்டுகளை ஒருபோதும் குப்பையில் போடக்கூடாது.

ஈவிஏ நுரைப்பலகை என்பது குழந்தைகள் விளையாடும் இடத்தில் விரிக்கும் புதிர்ப்பாய்களின் பொருளே. எத்திலீனையும் வினைல் அசிட்டேட்டையும் இணைத்து உருவாக்கிய பிளாஸ்டிக்கின் மூடிய நுண்ணறைகள் நிறைந்த நுரை. 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை பல தடிப்புகளில் கிடைக்கும் இதைக் கூரான கத்தியால் வெட்டி, ஹீட் கன் எனப்படும் சூடான காற்றுக் கருவியால் வளைத்து, காலணி செய்பவர்கள் பயன்படுத்தும் ஒட்டுப்பசையால் இணைக்கலாம். இதைவிட மலிவாகவும் இலகுவாகவும் உடலோடு ஒத்துழைப்பதாகவும் வேறு பொருள் இல்லை. கீழே விழுந்தால் உடையாது, கூட்டத்தில் குழந்தை மோதினால் காயப்படுத்தாது. ஆயினும் ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு இது தவறான தேர்வு என்றே சொல்ல வேண்டும். அக்கவசத்தின் பரப்பு ஏறத்தாழ எங்கும் இரு திசைகளில் ஒரே நேரத்தில் வளைவது. தட்டையான பலகையை அவ்வாறு வளைக்கப் பல துண்டுகளாக வெட்டி ஒட்டியாக வேண்டும். ஒவ்வோர் ஒட்டும் பளபளப்பான வெள்ளையின் அடியில் வரியாகத் தெரியும். நுரையின் துளைகளை ஹீட் கன்னால் அடைத்து, ரப்பர்ப் பூச்சோ மரப்பசையோ பல முறை பூசி, அதன்மேல் வண்ணம் அடித்தாலும், வளையும் இடத்தில் பூச்சு சுருங்குகிறது. இதே நுரைப்பலகை, தேய்ந்து அடிபட்ட மங்கலான கவசம் அணியும் மண்டலோரியன் போன்ற உருவுக்கு அருமையாகப் பொருந்தும். அங்கே குறை, அடிபட்ட தழும்பாகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 'ஹேலோ' விளையாட்டின் பருத்த கவசங்களுக்கும் இதுவே முதல் தேர்வாக இருக்கலாம்.

முப்பரிமாண அச்சு என்பது கணினி வடிவத்தைப் பல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கின் மேல் அடுக்காக இட்டு எழுப்பும் முறை. பிறர் வடிவமைத்த கோப்பை அப்படியே பயன்படுத்தலாம் என்பதும், உடலளவுக்கு ஏற்பப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியும் என்பதும் பெரிய கவர்ச்சிகள். ஆனால் வீடுகளில் பரவலாக உள்ள இயந்திரங்களின் தளம் 220 மில்லிமீட்டர் சதுரமே என்பதால் தலைக்கவசமும் மார்புத்தகடும் துண்டுகளாகவே அச்சாகும். 0.2 மில்லிமீட்டர் அடுக்குகள் விட்டுச்செல்லும் வரிகளை மறைக்கப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மீண்டும் உப்புத்தாள் போடும் சுற்று பல முறை நிகழ வேண்டும். இயந்திரம் இரவெல்லாம் தானே உழைக்கிறது என்று எண்ணி இம்முறையை எடுப்பவர், தேய்ப்பதில் மட்டும் ஏபிஎஸ் தொகுப்பை ஒட்டி முடிக்கும் நேரத்தைக் கடந்துவிடுவது வழக்கம். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ இழை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கோடையில் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்சென்ற தலைக்கவசம் கோணிப்போவதற்கு இதுவே காரணம். சென்னையிலும் காமிக் கான் என்னும் ரசிகர் விழா நடக்கத் தொடங்கியுள்ள நிலையில், அங்கே அச்சில் எழுப்புவோர் சுமார் 80 டிகிரிவரை தாங்கும் பிஈடிஜி இழையைத் தேர்வது அறிவுடைமை.

அச்சுமுறைக்கு இன்னொரு நுட்பமான குறை உண்டு. கணினியில் வடிவமைப்பவர் ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுவது எளிது என்பதால், பல கோப்புகளில் முகம் பிசிறின்றிச் சமச்சீராக அமைந்துவிடுகிறது. பிந்தைய படங்களின் படைவீரனுக்கு அது பொருந்தும். 1977-இன் படைவீரனுக்கு அது அந்நியம். தொலைவில் நின்று படம் எடுக்கும் பார்வையாளர் இதைக் காணமாட்டார். காண்பவர்கள், 1997-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சனும் நண்பரும் தொடங்கி இன்று உலகெங்கும் கிளைகள் பரப்பியுள்ள 501-ஆவது லீஜியன் போன்ற அமைப்புகளின் தேர்வாளர்கள். உறுப்பினர் ஆக விரும்புபவர் தம் உடையின் படங்களை அனுப்ப, ஒவ்வோர் உருவுக்கும் எழுதப்பட்ட விதித்தொகுப்போடு அவை ஒப்பிடப்படுகின்றன. அடிப்படை ஏற்புக்கு மேலும் சில தரநிலைகள் உள்ளன. மருத்துவமனைகளிலும் அறப்பணி நிகழ்ச்சிகளிலும் இவ்வமைப்பின் பெயரால் தோன்ற விரும்புபவர், பொருள் வாங்கும் முன்பே அவ்விதித்தொகுப்பைப் படித்துவிடுவது பணத்தையும் மனக்கசப்பையும் மிச்சப்படுத்தும்.

நான்காவது வழியான கண்ணாடியிழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் மடித்து உருவாக்கிய மாதிரியின் மேல் பாலியெஸ்டர் பிசினையும் கண்ணாடியிழைத் துணியையும் படியவைத்து இறுகவிடுவது, 'பெபகுரா' என்ற ஜப்பானிய மென்பொருளின் வழியே பரவிய முறை; அச்சு இயந்திரங்கள் மலிவாகும் முன் அது பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது. விளைவு கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் பிசினின் ஆவியும் தேய்க்கும்போது எழும் இழைத்தூளும் வீட்டுக்குள் வைத்துச் செய்யத் தக்கவை அல்ல. கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி இல்லாமல் இவ்வேலையைத் தொடவே கூடாது; நுரைப்பலகையின் ஒட்டுப்பசைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

கைக்கருவிகளுக்கு வரும்போது தராசு வேறு பக்கம் சாய்கிறது. ஸ்டார்ம்ட்ரூப்பரின் துப்பாக்கி, பிரிட்டனின் ஸ்டெர்லிங் இயந்திரத் துப்பாக்கியின் மேல் பழைய பீரங்கிவண்டித் தொலைநோக்கியையும், பக்கத்தில் ஓர் எண்ணிக்கைக் கருவியையும் பொருத்திச் செய்தது. கருமையும் உலோகச் சொரசொரப்பும் உள்ள சிறு பொருள் என்பதால், கவசத்தில் தலைவலியாகும் அச்சு வரிகள் இங்கே எளிதில் மறைகின்றன. ஆகவே கவசத்தை ஏபிஎஸ்ஸிலும் துப்பாக்கியை அச்சிலும் செய்வது நல்ல கூட்டு. பிசின் வார்ப்பில் கிடைப்பது விளிம்புகளில் கூர்மை மிக்கது, ஆனால் கையில் கனக்கும். நாள் முழுவதும் சுமப்பவர் உள்ளீடற்ற வார்ப்பைத் தேர வேண்டும். ஒளிவாளின் கைப்பிடிக்கு அசல் மூலம் தேடுவோர் தயங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதே படத்தின் நாயகன் லூக்கின் வாள் கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் பத்திரிகைப் புகைப்படக் கருவிகளுக்காகச் செய்த பழைய மின்னொளிக் கைப்பிடியிலிருந்து உருவானது. அவனுடைய ஆசான் ஓபி-வானின் வாளிலோ விமான எஞ்சின் உதிரியும் குளியலறைக் குழாயின் திருகுபிடியும் கலந்துள்ளன. ரசிகர்கள் தேடி வாங்கி வாங்கி அசல் கிராஃப்ளெக்ஸ் பிடிகள் அரிதாகிவிட்டன. இன்று நல்ல உலோகப் பிரதிகள் கிடைக்கும்போது பழம்பொருளைத் துளையிடுவதற்கு நியாயம் இல்லை.

துப்பாக்கிப் பிரதிகளைப் பொறுத்தவரை நாட்டின் சட்டமும் அரங்கின் விதியும் பொருளின் தேர்வை மாற்றக்கூடியவை. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், உண்மைத் துப்பாக்கியாகத் தோன்றும் போலிகளைச் செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கி, திரைப்படம், நாடகம் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. 2017-இல் பீனிக்ஸ் நகரின் காமிக் கானில் ஒருவர் உண்மையான ஆயுதங்களோடு பிடிபட்டதும், அங்கே போலி ஆயுதங்கள் நிகழ்வின் நடுவிலேயே தடைசெய்யப்பட்டன. ஆகையால் பிரிக்கக்கூடிய, அல்லது வீட்டில் விட்டுச்செல்ல மனம் வரக்கூடிய துப்பாக்கியைச் செய்வதே நலம்.

அணிதலில் நான்கு பொருள்களும் ஒரே துன்பத்தைத் தருகின்றன, அளவில்தான் வேறுபாடு. தலைக்கவசத்தின் கண்ணாடி வழியே நேர் எதிரே தெரியும், காலடி தெரியாது. படிக்கட்டில் இறங்க ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால், அனுபவமுள்ளோர் உடன்வரும் துணையாள் இல்லாமல் வெளியே புறப்படுவதில்லை. உள்ளே வெப்பம் தேங்குவதைக் குறைக்கச் சிறு மின்விசிறிகளைக் காதுப்பகுதிக்குள் பொருத்துகின்றனர். நுரைப்பலகைக் கவசத்தில் உட்கார முடியும். ஏபிஎஸ் கவசத்தில் உயரமான முக்காலியில் சாய்ந்து நிற்பதே கூடுமானது. எலாஸ்டிக் பட்டைகளும் டிச் பட்டன்களும் கவசத் துண்டுகளைத் தாங்குவதால், முதலில் அறுவது எப்போதும் அவையே, பிளாஸ்டிக் அல்ல. உபரி எலாஸ்டிக், நான்கைந்து பட்டன்கள், வெள்ளை ஒட்டுநாடா, ஊசி நூல் ஆகியவை கொண்ட சிறு பை துணையாளின் தோளில் தொங்குவது வழக்கம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு மணி நேரம் முழுக் கவசத்தோடு நடந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தால், எந்தப் பட்டை முதலில் அறும் என்பது தெரிந்துவிடும். அதை மாற்றித் தைக்க அந்த ஒரு வாரம் போதும்.