‘ஆனஸ்ட்’ என்றால் உண்மையா?

கேள்வி: ஐயா, போன மாதம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். “டு பி ஆனஸ்ட் சார்...” என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் சிரித்தபடி, “அப்போ இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்?” என்று கேட்டுவிட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. அதோடு விடவில்லை. என் விண்ணப்பத்தில் ‘எ ஆனஸ்ட் அண்ட் சின்சியர் வொர்க்கர்’ என்று எழுதியிருந்ததில் ‘எ’யை அடித்து ‘ஆன்’ என்று திருத்தினார். ஆனஸ்ட் என்றால் உண்மை என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நான் செய்தது என்ன தப்பு?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அவர் அடித்தது அரதப் பழசான கிண்டல். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதே சொற்றொடரை வைத்து ஒருவரையொருவர் மடக்குவார்கள். ஆனால் மடக்குகிறவருக்கும் தெரியும், ‘டு பி ஆனஸ்ட்’ என்பது உண்மை பொய் பற்றிய பேச்சே இல்லை என்று. அடுத்து வரப்போவது கொஞ்சம் கசக்கும் என்பதற்கான கனைப்பு அது.

நம்மிடமும் இது உண்டே. உறவினர் வீட்டு விருந்தில், “பாயசம் பிரமாதம்... உள்ளதைச் சொல்லணும்னா ரசத்துலதான் புளி கொஞ்சம் தூக்கல்” என்கிறோம். “அப்போ பாயசத்தைப் பத்திச் சொன்னது பொய்யா?” என்று யாராவது கரண்டியும் கையுமாக வந்து நிற்கிறார்களா? இல்லை. ‘சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க’ என்பதற்கும் அதே வேலைதான். இப்போது செல்போனில் டி, பி, ஹெச் என்று மூன்றே எழுத்தில் இந்தக் கனைப்பை அனுப்பிவிடுகிறார்கள்.

இனி, அந்தச் சொல். ஆனஸ்ட் என்றால் உண்மை என்று மனப்பாடம் செய்ததில்தான் சிக்கல். ஒரு செய்தி உண்மையாக இருந்தால் அது ‘ட்ரூ’. அதைச் சொல்கிற ஆள் மறைக்காமல், ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் சொன்னால் அவர் ‘ஆனஸ்ட்’. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தி நேரத்தில் நடந்த விபத்தைப் பார்த்தவர், மோதிய வண்டி கறுப்பு என்று சாட்சி சொல்கிறார், அது கருநீலம். சாட்சி ஆனஸ்ட், சாட்சியம் ட்ரூ இல்லை. ‘ஆனஸ்ட் மிஸ்டேக்’ என்று ஒரு பிரயோகம் இருக்கிறதல்லவா? ஆனஸ்ட் என்றால் வெறும் உண்மை என்று வைத்துக்கொண்டால் அது ‘உண்மையான தவறு’ என்று ஆகி அர்த்தமே கெட்டுவிடும். கள்ளமில்லாமல் செய்த பிழை என்பதுதான் அதன் பொருள்.

தமிழில் இதற்கு மிகக் கிட்டத்தில் நிற்பது, என் கணக்கில், ‘நாணயம்’. வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கொண்டுவந்து வைப்பவரை நாணயஸ்தர் என்கிறோம். அவர் பேச்சை மட்டும் பார்த்து அந்தப் பட்டத்தைக் கொடுப்பதில்லை, நடத்தையையும் பார்க்கிறோம். ஆனஸ்ட்டும் அப்படித்தான். ‘ஆனஸ்ட் லிவிங்’ என்றால் யாரையும் ஏய்க்காத பிழைப்பு.

இதற்குக் காரணம் அதன் பூர்வீகம். லத்தீனில் ‘ஹொனெஸ்துஸ்’ என்றால் மதிப்புக்குரியவர். ‘ஆனர்’, அதாவது கௌரவம், அதற்குச் சொந்த அண்ணன். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோதும் கௌரவமானவர் என்ற பொருளில்தான் வந்தது. பொய் பேசாதவர் என்ற பொருள் பிறகு மெல்ல மேலேறியது. இடையில் வேறு வேஷங்களும் போட்டிருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண்ணை ஆனஸ்ட் என்றால் கற்புள்ளவள் என்று அர்த்தம். காதலித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதை ‘அவளை ஆனஸ்ட் பெண்ணாக்குவது’ என்று சொல்லும் வழக்கம் அதன் மிச்சம். இன்று அது வேடிக்கைப் பேச்சு. கேட்கும் பெண்ணுக்கு வேடிக்கையாக இருக்கவேண்டும் என்பதில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் இந்தச் சொல்லும் அதன் பெயர்ச்சொல்லும் 52 இடங்களில் வருவதாக எண்ணிக் காட்டியவர் வில்லியம் எம்ப்சன் என்ற விமர்சகர். அதிகமாக அந்தப் பட்டம் சூட்டப்படுவது யாருக்கு? நாடகத்தின் படுபாதகன் இயாகோவுக்கு. மேலே இருப்பவர் கீழே இருப்பவனைத் தட்டிக்கொடுத்து ‘நல்ல பையன்’ என்பாரே, அந்தத் தொனியும் அப்போது அந்தச் சொல்லில் இருந்தது. வடிவேலு காமெடிக்குப் பிறகு ‘ரொம்ப நல்லவன்’ என்று யாரையாவது நம்மால் முகம் மாறாமல் சொல்ல முடிகிறதா? சொற்களுக்கு இப்படி நேர்வது சகஜம்.

உங்கள் ‘எ’யைத் திருத்தியது மட்டும் சரி. ‘ஆன்’ போடுவது எழுத்தைப் பார்த்து அல்ல, காதால் கேட்டு. பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல்லில் ஹெச் எழுதப்படுகிறது, ஒலிப்பதில்லை. அதனால் ‘ஆன் ஆனஸ்ட்’. ‘அவர்’, ‘எயர்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் அப்படியே - மணி நேரத்துக்கு ‘ஆன் அவர்’, வாரிசுக்கு ‘ஆன் எயர்’. மெய்யெழுத்தில் தொடங்கினாலும் ‘ஆன் எம்.எல்.ஏ.’ என்கிறோமே, அதுவும் காது சொல்கிற கணக்குதான். ஹோட்டலை ஓட்டல் ஆக்கிய நம் நாக்குக்கு இந்த ஒரு இடத்தில் லாபம். படித்தவர்கள் சிலர் ‘ஹானஸ்ட்’ என்று அழுத்திச் சொல்லித்தான் கெடுக்கிறார்கள்.

கடைசியாக, இன்டர்வியூ எடுத்தவர் கண்ணில் படாமல் தப்பிய ஒன்று: சின்சியர். ‘பையன் சின்சியரா வேலை செய்றான்’ என்றால் நமக்கு, சிரத்தையாக, டிமிக்கி கொடுக்காமல் என்று பொருள். வெளிநாட்டு வாடிக்கையாளர் காதில் அது, மனதில் நினைப்பதையே வெளியில் காட்டுகிறவர் என்று விழும். நீங்கள் சொல்ல வந்தது ‘ஹார்ட்வொர்க்கிங்’ என்றால் அதையே எழுதுங்கள். அதில் ஹெச் நன்றாக ஒலிக்கும், ‘எ’ போடலாம். ஆனஸ்ட்டை எடுத்தே விடுங்கள். பழைய கம்பெனியில் சில்லறைச் செலவுப் பணமோ சரக்குக் கணக்கோ உங்கள் பொறுப்பில் இருந்திருந்தால், எத்தனை வருடம் என்று அந்த இடத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.