உடைமை, ஏந்தல், சுடுதல்

கொங்கு நாட்டின் மேய்ச்சற் காடுகளிலும் ஊர்ப் புறங்களிலும் புலிக்குத்திக் கற்கள் என வழங்கும் நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. ஆநிரையைக் காக்கும்பொருட்டுப் புலியொடு பொருத வீரனைப் படைக்கலத்தோடு அக்கற்களிற் செதுக்கி வைத்தனர் நம் முன்னோர். படைக்கலம் என்பது நிரையையும் பயிரையும் காப்பவன் கைப்பொருள் என்னும் எண்ணம் இந்நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதற்கு அவையே சான்று. வேல் போய்த் துப்பாக்கி வந்தது, எண்ணம் மாறவில்லை. வெள்ளகோவில், காங்கேயம் முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டத்துச் சாளைகளில், பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கியோ ஒற்றைக்குழல் துப்பாக்கியோ இருக்கிறதென்றால் அதனை வியப்பாக எவரும் கேட்பதில்லை.

ஆயினும், அத்தகைய வீடுகளில் ஒரு தவறான கொள்கை வேரூன்றியிருக்கிறது. "லைசென்சு இருக்கிறது, ஆதலால் துப்பாக்கி நம் வீட்டுடையது" என்பதே அது. சட்டமோ அவ்வாறு கூறவில்லை. உடைத்திருத்தல், ஏந்திச் செல்லுதல், சுடுதல் என்னும் மூன்று வினைகளையும் அது வெவ்வேறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எல்லை வகுத்திருக்கிறது. முதல் வினைக்குக் கிடைத்த இசைவு மற்ற இரண்டுக்கும் தானே செல்லாது. இவ்வேறுபாட்டை அறியாமையால் குற்றம் புரியும் எண்ணமே இல்லாத குடியானவர் நீதிமன்றத்துப் படியேற நேரும். ஆதலின், அத்தகைய குடும்பங்களிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் இதனை உணர்ந்து தம் வீட்டார்க்கு உரைத்தல் நன்று.

முதற்கண் இச்சட்டம் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். 1801-ஆம் ஆண்டில் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின், சென்னை அரசாங்கத்தார் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் குடிகளின் படைக்கலங்களைப் பறிக்கவும் கட்டளையிட்டனர். கொங்கில் எதிர்த்து நின்ற தீரன் சின்னமலை 1805-ஆம் ஆண்டில் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின்னர் ஆள்வோரின் அச்சம் மிகுந்தது. லிட்டன் பிரபு இராசப் பிரதிநிதியாயிருந்த காலத்தில், 1878-ஆம் ஆண்டில், இந்தியப் படைக்கலச் சட்டம் பிறந்தது. இந்தியர் உரிமச்சீட்டுப் பெற்றே படைக்கலம் வைத்தல் வேண்டும் என்றும், ஐரோப்பியர்க்கு அக்கட்டு இல்லை என்றும் அமைந்திருந்தமையால், அது பாதுகாப்புச் சட்டமாக மட்டுமன்றி இழிவுபடுத்தும் சட்டமாகவும் கருதப்பட்டது. அறநெறிப் போரையே கைக்கொண்ட காந்தியடிகளும், 1930-ஆம் ஆண்டில் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமங்களையும் ஒன்றாகச் சேர்த்தார். அடுத்த ஆண்டில் கராச்சியிற் கூடிய காங்கிரசு மகாசபை, விதிகளுக்குட்பட்டுப் படைக்கலம் தாங்குதலைக் குடிகளின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது.

எனினும், 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு அவ்வுரிமையை ஏற்கவில்லை. குடிகள் அமைதியாகக் கூடும் உரிமையை வழங்குமிடத்தும், படைக்கலமின்றிக் கூடுதல் வேண்டும் என்றே அது கூறுகிறது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1959-ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அது 1962-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. இன வேற்றுமை ஒழிந்தது. உரிமச்சீட்டு என்னும் கட்டு மட்டும் யாவர்க்கும் பொதுவாய் நின்றது. 2016-ஆம் ஆண்டில் புதிய விதிகளும், 2019-ஆம் ஆண்டில் கடுமையான திருத்தங்களும் வந்தன. இனி மூன்று வினைகளையும் முறையே ஆராய்வோம்.

முதலாவது உடைமை. சுடுகலம் எதுவாயினும் உரிமச்சீட்டின்றி அதனை வைத்திருத்தல் குற்றம். உரிமம் வழங்குபவர் மாவட்டத்தில் ஆட்சியர். காவல் ஆணையர் உள்ள மாநகரங்களில் அவ்வாணையர். காவல் துறையின் அறிக்கையைப் பெற்றே அவர் முடிவு செய்வார். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஒருவர் மூன்று சுடுகலங்கள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றாண்டினின்றும் ஐந்தாண்டாக நீட்டியது. உரிமமின்றி வைத்திருப்பார்க்கு இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

உழவர் நலத்தையும் இச்சட்டம் மறக்கவில்லை. மெய்யாகவே பயிர்க்காவலுக்கென வேண்டுவோர்க்கு, வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குதற்கு அதன் பதின்மூன்றாம் பிரிவு தனியிடம் தருகிறது. அத்துப்பாக்கி பயிர்க்காவலுக்குப் போதாது என்று அதிகாரி கண்டால், குழலினுட்புறம் வழுவழுப்பான வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். அவ்வாறே உழவுக்கும் வீட்டுக்கும் மட்டும் உரிய கருவிகளும், கைத்தடியும், படைக்கலம் என்னும் சொல்லின் பொருளினின்றும் விலக்கப்பட்டுள்ளன. ஆதலால், அரிவாளும் தடியும் கொண்டு தோட்டத்திற்குச் செல்பவன் அஞ்ச வேண்டுவதில்லை.

இரண்டாவது ஏந்தல். இங்கேதான் பலரும் வழுவுகின்றனர். உரிமம் என்பது வீட்டுக்கோ குடும்பத்துக்கோ தரப்படுவதன்று. அதிற் பெயர் குறிக்கப்பட்ட ஆளுக்கே தரப்படுவது. தந்தையின் துப்பாக்கியை மகன் எடுத்துச் செல்லலாமோ எனின், சட்டம் மிகக் குறுகிய வழியொன்றையே திறந்து வைத்திருக்கிறது. உரிமம் உடையவர் உடனிருக்கும்போது, அல்லது அவர் எழுத்தாற் கொடுத்த இசைவோடு, பழுது பார்ப்பதற்கோ உரிமத்தைப் புதுப்பிப்பதற்கோ அவர் பயன்படுத்துவதற்கோ பிறரொருவர் அதனைக் கொண்டு செல்லலாம். வாய்ச்சொல்லாகிய இசைவு போதாது. அன்றியும், இருபத்தோராண்டு நிரம்பாதவர் சுடுகலத்தைப் பெறவும் வைத்திருக்கவும் ஏந்தவும் கூடாதென்று ஒன்பதாம் பிரிவு விலக்குகிறது. முறையாகப் பயிற்சி பெறுவோர்க்கு மட்டும் விதிகளின்படி விலக்குண்டு. முன்பு பதினாறாக இருந்த இவ்வயதெல்லை 1983-ஆம் ஆண்டில் இருபத்தொன்றாக உயர்த்தப்பட்டது. ஆகவே, நம் கல்லூரியில் இளங்கலை பயில்வோருட் பெரும்பாலோர், தந்தையார் எழுதிக் கொடுத்த இசைவு கையிலிருப்பினும், அத்துப்பாக்கியைச் சுமந்து செல்லுதற்கு உரியவரல்லர்.

பொதுவிடத்தில் ஏந்தும் முறையையும் 2016-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்துள்ளன. கைத்துப்பாக்கியாயின் அதற்கென அமைந்த உறையிலும், நெடுந்துப்பாக்கியாயின் அதற்குரிய பையிலும் இட்டு, முழுதும் மறையும்படி மூடிக் கொண்டு செல்லுதல் வேண்டும். அது தாங்குவோனது முழு ஆளுகையில் இருத்தல் வேண்டும். தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடப்பதும், பிறர் காண வீசிக் காட்டுவதும் கூடாதனவாம். காவல் அதிகாரி கேட்கும்பொழுது உரிமச்சீட்டைக் காட்டுதலும் கடமை.

ஏந்தலுக்கு மற்றோர் எல்லையும் உண்டு. அஃது உரிமச்சீட்டில் எழுதப்பட்டுள்ள நில எல்லை. வெள்ளகோவிலின் வரலாற்றையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இவ்வூர் 1979-ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் பெரியார் மாவட்டம் எனத் தோன்றி ஈரோடு எனப் பெயர் மாறிய மாவட்டத்தில் அடங்கியது. 2009-ஆம் ஆண்டு முதல் திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. கிழக்கே சிறிது தூரம் சென்றாற் கரூர் மாவட்டம். வடக்கே ஈரோடு மாவட்டம். ஊர் இருந்தவிடத்திலேயே இருக்க, மாவட்டம் இருமுறை மாறிற்று. ஆதலின், பழைய உரிமச்சீட்டை வைத்திருப்போர் அஃது எவ்வெல்லைக்குள் செல்லுபடியாகும் என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படித்தறிதல் இன்றியமையாதது. கரூர்ச் சாலையிற் செல்லும் பேருந்து எல்லையைக் கணப்பொழுதிற் கடந்துவிடும். உரிமச்சீட்டு அதனொடு தானாகக் கடந்துவிடாது.

மூன்றாவது சுடுதல். பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற உழவர், தம் பயிரை அழிக்கும் உயிரைச் சுடலாம் என்று எண்ணுவது இயல்பே. கொங்கு நாட்டில் மயில்கள் பெருகிச் சோளத்தையும் நிலக்கடலையையும் காய்கறியையும் அழித்தல் உழவர்தம் பெருங்குறையாகும். ஆனால், மயில் 1963-ஆம் ஆண்டில் நாட்டுப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அதனைக் கொல்வார்க்கு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். காட்டுப் பன்றியைப் பற்றித் தமிழ்நாட்டரசு 2025-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டெல்லையினின்றும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றிகளைச் சுடலாம் என்று அது கூறினும், சுடும் பொறுப்பு பயிற்சி பெற்ற வனத்துறையினர்க்கே உரியது, நிலத்துக்குடையவர்க்கு உரியதன்று. எனவே, துப்பாக்கிக்கு உரிமம் தரும் சட்டம் ஒன்று. இலக்கை விலக்கும் சட்டம் மற்றொன்று. பயிரழிவு நேர்ந்தால் வனத்துறையினர்க்கு முறையிட்டு இழப்பீடு கோருவதே நேர்வழி. இழப்பீடு காலந்தாழ்த்து வருவதும், இழந்ததை அது ஈடுசெய்யாமையும் உழவர் நெஞ்சை வருத்துவன என்பதை மறுப்பதற்கில்லை. அக்குறையை அரசினரிடம் எடுத்துரைத்தல் கற்றோர் கடன். துப்பாக்கியால் அதனைத் தீர்க்க முயல்வது உழவனையே சிறைக்கு அனுப்பும்.

கொண்டாட்டத்தில் வானை நோக்கிச் சுடுதலும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் குற்றமாயிற்று. மணப்பந்தலிலோ, கோயில் விழாவிலோ, வேறு பொதுக் கூட்டத்திலோ பிறர்க்கு ஊறு நேருமாறு கவனமின்றிச் சுடுவார்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இவ்விரண்டுமோ உண்டு. மேற்சென்ற குண்டு மீண்டு வீழும் என்பதை இயற்பியல் மாணவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இம்மூன்றின்மேலும் குடும்பத்தார் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. உரிமம் உடையவர் இறந்தால், வீட்டிலுள்ள துப்பாக்கி என்னாம்? நிலமும் வீடும் போல அது தானே மகனுக்கு இறங்குவதில்லை. உரிமம் ஆளோடு முடிந்துவிடுகிறது. ஆதலின், காலந்தாழ்த்தாது அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ துப்பாக்கியை ஒப்படைத்துச் சீட்டுப் பெறுதல் வேண்டும். பின்னர், வழியுரிமையுடையாருள் ஒருவர் தம் பெயரால் உரிமம் வேண்டி விண்ணப்பிக்கலாம். துக்க வீட்டில் இதனை எண்ணுவார் அரியர். பரணில் கிடக்கும் அத்துப்பாக்கியோ நாளேற நாளேறச் சட்டத்துக்குப் புறம்பான பொருளாகவே கிடக்கிறது. இவ்விடரை முன்கூட்டியே நீக்கவும் வழியுண்டு. எழுபதாண்டு நிரம்பியவரோ, இருபத்தைந்தாண்டு அத்துப்பாக்கியை வைத்திருந்தவரோ, தாம் உயிரோடிருக்கும்போதே தம் வழியினர் ஒருவரைக் குறித்து அவர் பெயருக்கு மாற்றுமாறு விண்ணப்பிக்கலாம். மகளும் மருமகளும் இதற்கு விலக்கானவரல்லர்.

தேர்தற் காலங்களில் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு கட்டளை வருவதும் நம்மூரார்க்குப் புதிதன்று. அப்பொழுது சீட்டின்றி ஒப்படைத்தல் கூடாது. முடிவுகள் வெளியானபின் அச்சீட்டைக் காட்டியே திரும்பப் பெறுதல் வேண்டும்.

பிற நாட்டு நிலையோடு ஒப்பு நோக்கின் நம் சட்டத்தின் உட்கருத்து நன்கு விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் படைக்கலம் தாங்குதல் 1791-ஆம் ஆண்டு முதல் அரசியலமைப்பில் இடம்பெற்ற உரிமை. அங்கே ஏந்திச் செல்லும் விதிகள் மாநிலந்தோறும் வேறுபடும். ஒரு மாநிலத்தில் இசைவு பெற்றவர் அடுத்த மாநிலத்தில் குற்றவாளியாகலாம். தனித்த காரணம் காட்டினாலன்றி உரிமம் மறுக்கப்படும் என்றிருந்த நியூயார்க்கு மாநிலத்தின் விதியை, 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. நம் நாட்டிலோ படைக்கலம் பற்றிய சட்டமியற்றும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது. ஆதலால் சட்டம் எங்கும் ஒன்றே. ஆயினும், விலக்குகளும் சில உள. நமக்கு அண்டையிலுள்ள குடகு நாட்டில் கொடவர்க்கும் சம்மா நிலவுரிமையாளர்க்கும் பழமை கருதி உரிமச்சீட்டு வேண்டா என்னும் விலக்கு 2029-ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அமெரிக்கர் உரிமையினின்று தொடங்கி வரம்பைத் தேடுகின்றனர். நாம் வரம்பினின்று தொடங்கி இசைவைப் பெறுகின்றோம்.

எனவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் வீட்டிலுள்ள உரிமச்சீட்டை ஒருமுறை வாங்கிப் படிப்பாராக. அதில் எவர் பெயர் இருக்கிறது, காலம் எந்நாளோடு முடிகிறது, எந்நோக்கத்திற்கு வழங்கப்பட்டது, எவ்வெல்லை வரை செல்லும் என்னும் நான்கையும் பெரியோர்க்குப் படித்துக் காட்டுவாராக. முதியோர் பலர்க்கு அச்சீட்டு நெடுங்காலம் பெட்டியிற் கிடக்கும் வெறுந்தாளே. கல்வி கற்றவன் தன் குடும்பத்தார்க்குச் செய்யத்தக்க உதவிகளுள் இது சிறியதே. ஆயினும், ஒரு குடியானவரை அறியாமையால் நேரும் குற்றத்தினின்றும் காக்குமாயின் அது சிறிதெனப்படாது.