கசிவின் இடத்தை அறிவோம்: கம்பளத் தூய்மை இயந்திரங்களின் பழுதுநீக்கம்

கடன் பெற்று வாங்கிய இயந்திரம் ஓடுகிற நாளில் வருவாய் தருகிறது. அது பழுதுற்று நிற்கிற நாளில் வருவாய் நின்றுவிடுகிறது. மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே பழுதுநீக்கம் பற்றிய அறிவு சிறுதொழில் நடத்துவோருக்கு நிதி மேலாண்மையின் ஒரு பகுதியாகவே அமைகிறது. இந்த இதழின் பாடமாக, கம்பளங்களைத் தூய்மைப்படுத்தும் இயந்திரங்களில் தோன்றும் நீர்க்கசிவை எடுத்துக்கொள்வோம். வீட்டு உபயோகத்திற்கான சிறிய இயந்திரம் வைத்திருப்போருக்கும் இம்முறைகள் பொருந்தும்.

பெங்களூருவில் அலுவலகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் கம்பளத் தூய்மைப் பணி செய்துவரும் வாடிக்கையாளர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில், அதாவது 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் ரூபாய் வரையிலான பிரிவில், கடன் பெற்று இயந்திரம் வாங்கியவர் அவர். இரண்டாம் ஆண்டில் இயந்திரத்தின் அடியில் நீர் தேங்கத் தொடங்கியது. பம்பு நனைந்திருந்ததால் குறை பம்பில்தான் என்று முடிவுசெய்து, புதிய பம்பை வாங்கிப் பொருத்தினார். கசிவு நிற்கவில்லை. அதற்குள் ஓர் அலுவலகத்தின் மரத்தளம் நனைந்து உப்பிவிட, அந்த ஒப்பந்தமும் கைநழுவியது. இறுதியில் கண்டறியப்பட்டது என்ன? பம்புக்கு மேலே, குழாயை இயந்திரத்தோடு இணைக்கும் கப்ளிங்கினுள் இருந்த சிறிய ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அங்கிருந்து வழிந்த நீர் பம்பின் மீது விழுந்து கீழே இறங்கியிருக்கிறது. அந்த வளையத்தின் விலை ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது.

நீர் சொட்டும் இடம் ஒன்றாகவும், கசியும் இடம் வேறாகவும் இருக்கலாம் என்பதே இந்நிகழ்ச்சி நமக்குத் தரும் முதற்பாடம். இடத்தை உறுதிசெய்யாமல் உதிரிபாகம் வாங்கக் கூடாது.

நீர் செல்லும் இரு வழிகள்

இவ்வகை இயந்திரங்களில் இரண்டு தொட்டிகள் உள்ளன. முதல் தொட்டியில் சலவைக் கரைசல் கலந்த தூய நீர் இருக்கும். பம்பு அதனை அழுத்தத்துடன் குழாய் வழியே தெளிமுனைக்கு அனுப்ப, அது கம்பளத்தில் பாய்கிறது. உடனே உறிஞ்சு மோட்டார், அழுக்கோடு கூடிய அந்நீரைக் காற்றுடன் சேர்த்து இழுத்து இரண்டாம் தொட்டியில் சேர்க்கிறது. முதல் வழி அழுத்தத்தால் இயங்குவது. இரண்டாம் வழி உறிஞ்சுதலால் இயங்குவது. அழுத்த வழியில் ஓட்டை விழுந்தால் நீர் வெளியே வரும். உறிஞ்சும் வழியில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

முதலில் பாதுகாப்பு

நீரும் மின்சாரமும் அருகருகே இயங்கும் கருவி இது. உறையைத் திறப்பதற்கு முன் மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மோட்டார் மீதோ மின்கம்பி இணைப்புகள் மீதோ நீர் பட்டிருந்தால், அவை முற்றிலும் உலரும் வரை இயக்கக் கூடாது. பணியிடத்தில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் வழியாகவே இயந்திரத்தை இணைப்பது உயிர்காக்கும் வழக்கம். நீர் கசியும் இயந்திரத்தை "இன்று ஒரு நாள் மட்டும்" என்று வாடிக்கையாளரின் இடத்திற்குக் கொண்டுசெல்லவே கூடாது.

நான்கு நிலைச் சோதனை

இயந்திரத்தை நன்கு துடைத்து உலர்த்தி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுச் சோதனையைத் தொடங்குவோம். ஒரு நேரத்தில் ஒரு தொட்டியில் மட்டும் நீர் இருக்கட்டும். நீர் எப்போது கசிகிறது என்பதே எங்கே கசிகிறது என்பதைச் சொல்லிவிடும்.

முதல் நிலை: தூய நீர்த்தொட்டியை நிரப்பி, இயந்திரத்தை இயக்காமல் அரைமணி நேரம் வைக்க வேண்டும். தாள் நனைந்தால் குறை தொட்டியிலோ, அதன் வடிகால் அடைப்பானிலோ, வடிகட்டிக் கிண்ணத்திலோ, தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயிலோ இருக்கிறது.

இரண்டாம் நிலை: பம்பை மட்டும் இயக்கி, கைப்பிடியின் விசையை அழுத்தாமல் வைத்திருக்க வேண்டும். இப்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும். இந்நிலையில் மட்டும் கசிந்தால் பம்பின் தலைப்பகுதி, திருகு இணைப்புகள், கப்ளிங், அழுத்தக் குழாய் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். உலர்ந்த தாள் துண்டால் ஒவ்வோர் இணைப்பையும் மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார்ப்பது எளிய வழி. விசையை அழுத்தாதபோதும் தெளிமுனையில் நீர் சொட்டினால், கைப்பிடி வால்வில் மணல் துகளோ உப்புப் படிவோ சிக்கியிருக்கலாம். வால்வின் ரப்பர் இருக்கை தேய்ந்தும் இருக்கலாம்.

மூன்றாம் நிலை: வடிகால் உள்ள இடத்தில் விசையை அழுத்தி நீரைப் பாய்ச்ச வேண்டும். நீர் விசிறிபோல் சீராக விரிய வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினாலோ, தெளிமுனையின் திருகிலிருந்து வழிந்தாலோ, அதனைக் கழற்றித் தூய்மைசெய்து மீண்டும் பொருத்த வேண்டும்.

நான்காம் நிலை: உறிஞ்சு மோட்டாரை இயக்கி, வாளியிலிருந்து நீரை இழுத்து அழுக்குநீர்த் தொட்டியைப் பாதியளவு நிரப்பிய பின், மோட்டாரை அணைத்துக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது தொட்டியினுள் அழுத்தம் குறைந்திருப்பதால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியே வராது. மோட்டார் நின்ற பின்னரே சொட்டத் தொடங்கும். வேலை முடிந்து வண்டியில் ஏற்றிய பிறகு மட்டும் கசிகிற இயந்திரங்களின் மர்மம் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

சில இயந்திரங்களில் ஒரு சொட்டு நீரும் வெளியே வராது; ஆனால் கம்பளம் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். மூடியின் கேஸ்கெட் சுருங்கியிருந்தாலோ, உறிஞ்சு குழாயில் கீறல் இருந்தாலோ, அடைப்பான் சரியாக மூடாவிட்டாலோ காற்று அவ்வழியே புகுந்து உறிஞ்சுதிறன் குறைந்துவிடும். மோட்டார் ஓடும்போது மெல்லிய தாள் துண்டை மூடியின் விளிம்பிலும் இணைப்புகளிலும் நகர்த்திச் சென்றால், காற்று புகும் இடத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும்.

இக்குறையைச் சிறிதாக எண்ணலாகாது. பதோஹி, காஷ்மீர் ஆகிய இடங்களின் புவிசார் குறியீடு பெற்ற கைமுடிச்சுக் கம்பளங்கள் நம் வாடிக்கையாளர்கள் பலரின் இல்லங்களில் உண்டு. கம்பளிக் கம்பளத்தில் ஈரம் தங்கினால் சாயம் கசியலாம், பூஞ்சை பிடிக்கலாம், நாற்றம் எழலாம். பட்டுக் கம்பளங்களை இவ்வியந்திரத்தில் இடாமல் வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை.

கசிவைப் போன்று தோன்றுபவை

மோட்டாரின் காற்றுப்போக்கி வழியே நீர்த்துளிகள் தெறித்தால் அது பெரும்பாலும் நுரையின் வேலை. அழுக்குநீர்த் தொட்டி நிறைந்தால் உறிஞ்சுதலை நிறுத்துவதற்காக ஒரு மிதவை உண்டு. நீர்மட்டம் அதனை உயர்த்தும், நுரை உயர்த்தாது. ஆகவே நுரை மிதவையைக் கடந்து மோட்டாருக்குள் புகுந்துவிடுகிறது. சலவைக் கரைசலைக் குறைத்து, நுரையடக்கியைச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு. மிதவை சிக்காமல் எளிதாக ஏறி இறங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாமே செய்யத் தக்கவை

ரப்பர் வளையங்களையும் வாஷர்களையும் மாற்றுவது எளிது. பழைய வளையத்தை மாதிரியாகக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே உள்விட்டமும் தடிமனும் உள்ளதை வாங்க வேண்டும். பொருத்தும் முன் சிறிது சிலிகான் கிரீஸ் தடவலாம். பெட்ரோலிய எண்ணெயும் சாதாரண கிரீஸும் சிலவகை ரப்பரை உப்பச் செய்துவிடும்.

உலோகத் திருகு இணைப்புகளில் டெஃப்லான் டேப்பை, திருகின் முனை நம்மை நோக்கியிருக்க, வலஞ்சுழியாக மூன்று நான்கு சுற்று சுற்ற வேண்டும். ரப்பர் வளையத்தால் அடைபடும் கப்ளிங்குகளுக்கு இந்த டேப் தேவையில்லை. பிளாஸ்டிக் திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் புதிய விரிசல் உண்டாகும். குழாயின் முனை மட்டும் வெடித்திருந்தால், அப்பகுதியை நேராக வெட்டி நீக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும்.

பாலிஎதிலீன் தொட்டியில் விழுந்த விரிசலை எபாக்சி பசையால் அடைப்பது பயனற்றது. அந்தப் பிளாஸ்டிக்கில் பசை நிலைத்து ஒட்டுவதில்லை. வெப்பத்தால் பிளாஸ்டிக் பற்றவைப்பு செய்வோரிடம் கொடுக்க வேண்டும்; இல்லையேல் தொட்டியை மாற்ற வேண்டும். பம்பின் டயஃப்ரம் கிழிந்திருந்தாலோ, மோட்டாருக்குள் நீர் புகுந்திருந்தாலோ பயிற்சி பெற்ற தொழில்நுட்பரை அழைப்பதே அறிவுடைமை. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை நாமே பிரித்தால் உத்தரவாதம் செல்லாமல் போகக்கூடும் என்பதால், முதலில் உத்தரவாத அட்டையைப் படித்துவிட வேண்டும்.

வருமுன் காத்தல்

ஒவ்வொரு நாள் பணி முடிந்ததும் சிறிது தூய நீரைப் பம்பின் வழியே செலுத்தி, உள்ளே தங்கிய கரைசலை வெளியேற்ற வேண்டும். உள்ளே உலர்ந்து படிகமாகும் கரைசல் ரப்பர் அடைப்புகளை அரித்துத் தேய்க்கும். உப்புநீர் புழங்கும் ஊர்களில், தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்குமாயின், வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து அவ்வப்போது செலுத்தி, பின் நல்ல நீரால் அலசலாம். குளோரின் கலந்த வெளுப்புநீரைத் தவிர்க்க வேண்டும். கையேட்டில் குறித்த அளவுக்கு மேல் சூடான நீரை ஊற்றலாகாது. சிம்லா, ஸ்ரீநகர் போன்ற குளிர்ப்பகுதிகளில் இருப்போர், பம்பில் தங்கிய நீர் இரவில் உறைந்து அதனைப் பிளந்துவிடாதபடி முற்றிலும் வடித்துவைக்க வேண்டும்.

கணக்கேட்டில் ஒரு பக்கம்

நொடிக்கு ஒரு சொட்டு என்பது அற்பமாகத் தோன்றும். இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி லிட்டர். ஆறு மணி நேரப் பணியில் ஒரு லிட்டருக்கும் மேல். அத்தனையும் பிறர் வீட்டுத் தரையில் சேர்கிறது. இயல்பான தேய்மானத்தால் வரும் பழுதுக்குப் பொதுவாகக் காப்பீடு ஈடுசெய்வதில்லை. பிறர் உடைமைக்கு நேரும் சேதத்திற்குத் தனியான பொறுப்புக் காப்பீடு வேண்டும். கடனில் வாங்கிய இயந்திரம் வங்கிக்கு ஈடாக எழுதப்பட்ட சொத்து என்பதால், அதனை நன்னிலையில் வைத்திருப்பதும் கடன் ஒப்பந்தத்தின் ஒரு கடமையே.

எனவே மூன்று வழக்கங்களை மேற்கொள்வோம். பழுது ஏற்பட்ட நாள், கசிந்த இடம், மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறிப்போம். வளையங்கள், வாஷர்கள், ஒரு தெளிமுனை, டேப் ஆகியவை அடங்கிய சிறு பெட்டியை இயந்திரத்துடன் வைத்திருப்போம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் இயந்திரப் பராமரிப்புக்கென ஒதுக்குவோம். பெங்களூரு வாடிக்கையாளர் இப்போது இம்மூன்றையும் செய்துவருகிறார். ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும் இயந்திரத்தின் அடியில் செய்தித்தாளை விரித்து, அரைமணி நேரம் கழித்து அது உலர்ந்திருப்பதைக் கண்ட பிறகே பணிக்குப் புறப்படுவதாக அவர் நம்மிடம் கூறினார்.