புற்றுநோயின் போக்கும் இரத்தத்தில் தோன்றும் அழற்சிக் குறிகளும்

ஒரே உறுப்பில், ஒரே கட்டத்தில் புற்றுநோய் கண்ட இருவருக்கு ஒரே சிகிச்சை அளிக்கப்பட்டும், ஒருவர் பல்லாண்டு வாழ்கிறார். மற்றவர் சில மாதங்களுக்குள் மெலிந்து மாண்டுபோகிறார். கட்டியின் பருமனையும் அது பரவியுள்ள அளவையும் மட்டும் கொண்டு இவ்வேற்றுமைக்கு விடை காண இயலாது. கட்டியைத் தாங்கியிருக்கும் உடல் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

1863-ஆம் ஆண்டில் ஜெர்மன் நோயியல் அறிஞரான ருடால்ஃப் விர்ஹோ, புற்றுக்கட்டிகளினுள் வெள்ளணுக்கள் குழுமியிருத்தலைக் கண்டு, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டெனக் கருதினார். அழற்சி என்பது, காயமோ கிருமியோ தாக்கும்பொழுது உடல் மேற்கொள்ளும் தற்காப்பாகும். கிருமி அழிந்ததும் அது தணிந்துவிடும். புற்றுக்கட்டியோ நீங்காத காரணமாக நிற்பதால், அழற்சியும் நீடிக்கிறது. கட்டியிலும் அதனைச் சூழ்ந்தும் உள்ள உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. இவற்றின் தூண்டுதலால் கல்லீரல், சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது; அதே வேளையில் இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைகிறது. முன்னது 1930-இல் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவரால் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. அது புற்றுநோய் ஆராய்ச்சியிலும் பயன்படக்கூடும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்விரு புரதங்களையும் ஒருங்கே நோக்கும் முறையொன்றை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சைக்கு இடந்தராத நுரையீரல் புற்றுநோயாளிகளே அவ்வாராய்ச்சிக்கு உட்பட்டனர். இம்முறை பின்னர்த் திருத்தி அமைக்கப்பட்டது. திருத்திய முறைப்படி, சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படாவிடில் மதிப்பெண் 0, மேற்பட்டால் 1, மேற்பட்டதோடு அல்புமினும் லிட்டருக்கு 35 கிராமுக்குக் குறைந்தால் 2. மதிப்பெண் உயர உயர, நோயாளிகள் உயிர்வாழும் காலம் சராசரியாகக் குறைகிறது. குடல், இரைப்பை முதலிய உறுப்புகளின் புற்றுநோய்களிலும் இவ்வுறவு காணப்பட்டுள்ளது.

இதனினும் எளிய அளவை ஒன்று உண்டு. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே வெள்ளணுக்களின் வகைகள் எண்ணப்படுகின்றன. நியூட்ரோஃபில்கள் நூற்றுக்கு 60, லிம்ஃபோசைட்டுகள் 30 எனின் விகிதம் 2 ஆகும்; முறையே 78, 13 எனின் 6 ஆகும். முதல்வகை அணுக்கள் பெருகுதல் அழற்சி ஓங்கியிருப்பதைக் காட்டும். கட்டியை எதிர்த்துப் போரிடும் அணுக்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 40,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய 100 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரையொன்றில், இவ்விகிதம் உயர்ந்தோரிடையே இறப்பு வேகம் ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. தனிச் செலவு எதுவுமின்றிக் கிடைக்கும் அளவை என்பதால், சிறிய மருத்துவமனைகளுக்கும் இது எட்டக்கூடியதே. எனினும் உயர்ந்த விகிதம் எது என்பதை ஆய்வாளர்கள் வெவ்வேறாக வரையறுத்துள்ளனர். இது பெருங்குறையாகும்.

இவ்வெண்களைக் கையாள்வதில் எச்சரிக்கை மிகவும் தேவை. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், சி-ரியாக்டிவ் புரதம் உயர்ந்திருப்பதற்குக் கட்டியே காரணம் என்று உடனே முடிவு செய்தல் தவறாகும். அறுவைச் சிகிச்சையை அடுத்த நாட்களிலும் அது உயரும். ஸ்டீராய்டு மருந்துகள் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையைக் கூட்டும். சி-ரியாக்டிவ் புரதத்தின் உற்பத்தி நின்றதும், இரத்தத்திலுள்ள அளவு ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கொருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகவே தொற்று தணிந்தபின் மீண்டும் பரிசோதித்தால், உண்மை நிலை பெரும்பாலும் விளங்கிவிடும். மருந்தால் இவ்வெண்களைத் தாழ்த்திவிட்டால் ஆயுள் நீளும் என்பதும் இவ்வாய்வுகளால் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. உஷ்ணமானியைக் குளிர்ந்த நீரில் இடுவதால் காய்ச்சல் தணிவதில்லை.

மேலும், இவை கூட்டத்தின் சராசரியைக் கூறுவனவேயன்றி, தனியொருவரின் நாட்களை எண்ணித் தருவன அல்ல. மதிப்பெண் 2 பெற்றும் நெடுநாள் வாழ்வோர் உளர். அத்தகைய எண்ணைக் காட்டி ஒருவருக்குச் சிகிச்சையை மறுத்தல் முறையன்று. உடல் எடை குறைகிறதா, பசி எடுக்கிறதா, எழுந்து நடமாட வலுவுள்ளதா என்பவற்றை மருத்துவர் அப்பொழுதே கேட்டறிந்து, ஊட்டத்திற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் சிகிச்சை தொடங்கும் முன்னரே செய்வதற்கு அவ்வெண் தூண்டுதலாக அமையலாம்.