உரிமம் கைக்கு வருமுன்

கண்ணம்மா, ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடுதான் இனி என் வேலை என்று நீ முடிவெடுத்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். டெக்ஸஸில் நடத்தைப் பகுப்பாய்வாளராக உரிமம் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். பட்டியலை மட்டும் அனுப்பினால் பாதி வேலைதான் ஆகும். இத்தனை காலம் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. இந்த உரிமம் ஏன் வந்தது என்று முதலில் தெரிந்துகொள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இங்கே யார் வேண்டுமானாலும் தன்னை நடத்தை நிபுணர் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போகலாம், கேட்பாரில்லை. நெவாடாவும் ஓக்லஹோமாவும் 2009லேயே உரிமச் சட்டம் கொண்டுவந்துவிட்டன. டெக்ஸஸ் 2017ல் சட்டம் இயற்றி, 2018 செப்டம்பர் 1 முதல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. தருவது டி.டி.எல்.ஆர். எனும் மாநில உரிமத் துறை. அதற்கு விண்ணப்பிக்குமுன் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலோர் வாங்குவது, நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஏ.சி.பி. வாரியத்தின் பி.சி.பி.ஏ. சான்றிதழ். குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு. சான்றிதழ் காலாவதியானால் உரிமமும் நிலைக்காது. தனக்கு என்ன நடந்தது என்று வீட்டில் வந்து சொல்லத் தெரியாத குழந்தைக்காகத்தான் இத்தனை காவல். படிவம் நிரப்ப அலுப்பு வந்தால் அந்தக் குழந்தையை நினைத்துக்கொள்.

2. பயிற்சி மணிகளின் கணக்கில் பொய் எழுதாதே. சான்றிதழுக்கு முதுகலைப் பட்டமும் பாடங்களும் போக, மேற்பார்வையில் 2,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். மேற்பார்வை கூடுதலாக உள்ள முறையில் 1,500. அதில் 60 சதவீதமாவது மதிப்பீடு, வரைபடம், திட்டம் எழுதுதல், பெற்றோருக்குப் பயிற்சி போன்ற வேலைகளாக இருக்க வேண்டும். குழந்தையோடு உட்கார்ந்து செய்வதை மட்டும் எண்ணிக்கொண்டே போக முடியாது. மாதாமாதம் நீயும் மேற்பார்வையாளரும் கையெழுத்திட வேண்டும், தாள்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். என்னிடம் பயின்ற ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி, மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எல்லாவற்றையும் நிரப்புவாள். ஒரு வியாழக்கிழமைக்கு மூன்று மணி நேரம் எழுதியிருந்தாள். அன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சல், யாரும் போகவில்லை. கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. ஏமாற்ற நினைத்தவள் இல்லை, களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். சரிபார்க்க முடியாத மணிகளையெல்லாம் அடித்துவிட்டு அந்த மாதத்தைத் திரும்ப எழுதினாள். இன்று அவளே மேற்பார்வையாளர். வீட்டை விட்டு வெளியே வந்ததும், காரைக் கிளப்புமுன் எழுதி முடி என்று தன்னிடம் பயில்வோருக்குச் சொல்கிறாள். உனக்கும் அதையே சொல்கிறேன்.

3. சான்றிதழ்த் தேர்வு 4 மணி நேரம், 185 கேள்விகள்; அதில் 10 கேள்விக்கு மதிப்பெண் இல்லை. தவறினால் மறுபடி எழுதலாம். நல்ல பகுப்பாய்வாளர்கள் பலர் அப்படி எழுதியவர்கள்தான். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

4. குழந்தை 'வேண்டாம்' என்று சொல்லும் விதத்தைப் படி. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பிளேனோவில் ஒரு வீடு. நான்கு வயதுப் பையன், பயிற்சி அட்டையை எடுத்தாலே மேசைக்கு அடியில் போய்விடுவான். வாரக்கணக்கில் தாளில் 'ஒத்துழைக்கவில்லை' என்றே பதிவாகியிருந்தது. ஒருநாள் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பயிற்சி நடப்பது அடுப்படியை ஒட்டி. பாட்டி தாளிக்கும் நேரம். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அவன் கைகள் காதில் இருந்தன. பாயை முன்னறைக்கு மாற்றினோம். அன்றைக்கே ஆறு அட்டைகள் பார்த்தான், ஏழாவதைத் தள்ளிவிட்டான், அதோடு நிறுத்திக்கொண்டோம். 2022ல் நடைமுறைக்கு வந்த வாரியத்தின் நெறிமுறைகள் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தையின் இசைவையும் பொருட்படுத்தச் சொல்கின்றன. நம் துறை அங்கே வந்து சேர வெகு காலம் ஆயிற்று. யூ.சி.எல்.ஏ.வில் உளவியலாளர் லோவாஸ் நடத்தி 1987ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லாரும் தொடக்கமாகக் காட்டுவார்கள். அதில் அதட்டலும் தொடையில் தட்டுவதும்கூடச் சிகிச்சையின் பகுதியாக இருந்தன. அப்படிப்பட்ட பயிற்சிகளில் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் இன்று பெரியவர்களாகி, தாங்கள் பட்டதை எழுதுகிறார்கள். தேடிப் படி. கோபமாக எழுதியிருந்தாலும் படி. நமக்கு அவர்களைவிட நல்ல ஆசிரியர்கள் கிடையாது.

5. பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள். இன்சூரன்ஸ் ஆட்டிசத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டம் 2001ல் இண்டியானாவில் தொடங்கி எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. டெக்ஸஸ் மெடிக்கெய்ட் 2022ல்தான் இந்தச் சேவைக்குப் பணம் தரத் தொடங்கியது. குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சி நடத்தும் டெக்னீஷியன் வேலை செய்த நேரம் 97153, நீ நேரில் இருந்து திட்டத்தைத் திருத்திய நேரம் 97155 என்று தனித்தனிக் குறியீடு. நீ போகாத வீட்டுக்கு 97155 போட்டால் அது திருட்டுதான், வேறு பெயர் கிடையாது. இன்னொன்று: வருகிற குழந்தைக்கெல்லாம் வாரம் 40 மணி நேரம் எழுதச் சொல்லும் இடங்கள் உண்டு. சில குழந்தைகளுக்கு நிறைய மணி நேரம் வேண்டும், சிலருக்குப் பத்தே அதிகம். கணக்குப் பார்ப்பவர் சொல்லி மணி எழுதாதே. குழந்தையைப் பார்த்து எழுது.

6. உரிமம் மாநில எல்லையோடு நிற்கும். குழந்தை எங்கே இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும். டாலஸிலிருந்து நியூஜெர்சிக்குப் போன ஒரு குடும்பம், வீடியோவில் தொடருங்கள் அக்கா என்று கெஞ்சியது. அங்கே 2020லிருந்து தனிச் சட்டம் உண்டு, என்னிடம் அந்த உரிமம் இல்லை. மறுத்துவிட்டு, அங்கே உரிமம் உள்ள ஒருவரிடம் கோப்புகளை ஒப்படைத்து, தொலைபேசியில் பொறுமையாக எல்லாம் விளக்கினேன். மனசு இளகும் நேரத்தில்தான் சட்டம் மறந்துபோகும், பார்த்துக்கொள்.

7. நம்மவர் வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். உன்னை அக்கா என்பார்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள், தீபாவளிக்குப் பட்டுப்புடவை நீட்டுவார்கள். வாரியத்தின் நெறிமுறை 10 டாலருக்கு மேல் பரிசு கூடாது என்கிறது. முறுக்கை வாங்கிக்கொள். புடவையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று மனதாரச் சொல்லித் திருப்பிக் கொடு, காரணத்தையும் சொல். முதல் சந்திப்பிலேயே இந்த விதியைச் சொல்லிவைத்தால் யாருக்கும் முகம் சுருங்காது. கோயிலில் பிடித்து, "எங்க பையனையும் கொஞ்சம் பாரும்மா" என்பவர்களிடம் எங்கே மதிப்பீடு செய்யலாம் என்று மட்டும் சொல். சொந்தக்காரக் குழந்தைக்கு நீ சிகிச்சை தராதே.

8. கடைசியில் எழுதினாலும் நீ முதலில் செய்ய வேண்டியது இது. உன் மணிகளுக்குக் கையெழுத்திடப் போகிறவர் யார் என்று பார். வாரியத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடினால் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். மாநில உரிமத்தை டி.டி.எல்.ஆர். தேடலில் பார்க்கலாம். பிறகு அவர் ஒரு குழந்தையோடு இருக்கும் நேரத்தில் உன்னை உட்கார்ந்து பார்க்கவிடச் சொல்லிக் கேள். குழந்தை அழும்போது அவர் முதலில் தாளைப் பார்க்கிறாரா, குழந்தையைப் பார்க்கிறாரா என்று கவனி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அதற்கப்புறம்.